நாணயத்தின் நாணயம்

"விலை ஏறிவிட்டது" என்கிறோம். கடைத்தெருவிலும் சொல்கிறோம், சட்டமன்றத்திலும் சொல்கிறோம். மழை பெய்தது, வெயில் காய்ந்தது, காற்று அடித்தது என்பதைப் போலவே விலையும் தானாக ஏறியதாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஏறுதல் தன்வினை, ஏற்றுதல் பிறவினை. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த இலக்கணம், பொருளாதாரம் பேசும்போது மட்டும் நமக்கு மறந்துபோகிறது. ஏற்றியவர் எவர், ஏற்றத்தால் ஏற்றம் பெற்றவர் எவர், ஏமாற்றம் பெற்றவர் எவர் என்ற கேள்விகள் அந்த ஒரு தன்வினைச் சொல்லுக்குள்ளே புதைந்துவிடுகின்றன. தலைவிதி என்ற பேச்சை மறுக்கக் கற்ற நாம், விலைவாசியை மட்டும் விதியென்று ஏற்பது எப்படி?

நாம் எழுப்ப விரும்பும் கேள்வி எளியது, விடைதான் எளிதன்று. நாடு வளர வேண்டும். ஆலை வேண்டும், அணை வேண்டும், மின்சாரம் வேண்டும், படித்த இளைஞனுக்கு வேலை வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். அந்தப் பணத்தை வரியாகக் கேட்டுப் பெறலாம். கடனாகக் கேட்டுப் பெறலாம். இரண்டும் கைகூடாதபோது நோட்டாக அச்சடித்துக்கொள்ளலாம். மூன்றாவது வழியில், பொருள் பெருகுமுன் பணம் பெருகுகிறது, விலை உயர்கிறது. அந்த உயர்வைத் தடுக்க வட்டியைக் கூட்டிச் செலவைச் சுருக்கினால், ஆலைப்புகை அடங்குகிறது, வேலை போகிறது. வளர்ச்சியா, விலையின் நிலைப்பா என்று அறிஞர்கள் வாதிடுகின்றனர். வாதிடட்டும். நாம் கேட்பது வேறு: இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அதற்குரிய விலையைக் கொடுப்பவர் எவர்? அவரைக் கேட்டுக்கொண்டுதான் தேர்ந்தார்களா?

நம் மொழியிலே நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் நேர்மை. இரண்டுக்கும் ஒரே சொல் வாய்த்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால், அரசு வெளியிடும் காசு அரசு கொடுக்கும் வாக்கு. நூறு ரூபாய் என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தந்துவிட்டு, அதன் வாங்கும் ஆற்றலை எண்பதாக்கினால், குறைந்தது காசு மட்டுந்தானா?

விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். பழம்பெயர் முதுகுன்றம். அழகிய தமிழ்ப்பெயரை வடமொழியில் பெயர்த்து வைத்துக்கொண்டு அதையே ஊர்ப்பெயர் என்று வழங்குகிறோம். அது வேறு கதை, வேறு நாள் பேசலாம். அருகே நெய்வேலி. 1956-இல் அங்கே நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20-இல் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை அகழ்ந்தபோது வெண்களிமண்ணும் வந்தது. அந்த மண்ணை அடிப்படையாகக் கொண்டு விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை எழுந்தது; பீங்கான் தொழில் கற்பிக்கும் அரசினர் பயிற்சி நிலையமும் வந்தது. பியூஸ் கட்டைகளும், பொம்மைகளும், அகல் விளக்குகளும் அங்கிருந்து வண்டியேறின. திட்டம் என்ற சொல்லுக்கு இத்தகைய ஊர்தான் பொருள்விளக்கம். ஐந்தாண்டுத் திட்டங்கள் இல்லையேல் சுரங்கமில்லை, சுரங்கமில்லையேல் மண்ணில்லை, மண்ணில்லையேல் சூளையில்லை. வளர்ச்சி வேண்டாம் என்று பேசுவோர் இந்த ஊருக்கு வந்து பேசட்டும்.

அந்தச் சூளைக்கூடத்திலே அச்சில் களிக்கூழ் ஊற்றும் ஒரு பெண்ணுக்கு நாட்கூலி 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் விலைகள் நூற்றுக்குப் பத்து ஏற்றப்படுகின்றன. கூலி அப்படியே நிற்கிறது. அவர் கையில் 300 ரூபாய் இருக்கிறது. ஆனால் அதற்குக் கிடைப்பது பழைய விலையில் ஏறத்தாழ 273 ரூபாய்ப் பொருள். நாளொன்றுக்கு 27 ரூபாயை எவர் எடுத்துக்கொண்டார்? முதலாளி எடுக்கவில்லை, சம்பளப் புத்தகத்தில் முழுத்தொகையும் இருக்கிறது. வரி அதிகாரி எடுக்கவில்லை, அவர் அந்தத் தெருவுக்கே வரவில்லை. ஆயினும் போயிற்று. சட்டமன்றத்தில் மசோதா இல்லை, எதிர்க்கட்சியின் எதிர்ப்புரை இல்லை, வாக்கெடுப்பு இல்லை. வரி மட்டும் வாங்கப்பட்டுவிட்டது. நூறு கோடி உடையவனிடம் நிலமும் தங்கமும் கட்டடமும் உண்டு. விலையோடு அவையும் ஏறும். உழைப்பு ஒன்றையே உடைமையாகக் கொண்டவருக்கு ஏறுவது எது? இருமல்தான் ஏறும், களித்தூசியால்.

முதுகுன்றத்துக்கு ஒரு புராணக்கதை உண்டு. பெரிய புராணத்தில் வருவது. சுந்தரர் இவ்வூர் இறைவனிடம் 12,000 பொன் பெற்றாராம். திருவாரூர் வரை சுமந்து செல்வது எப்படி என்று மலைத்தபோது, மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று ஆணை பிறந்ததாம். அவ்வாறே போட்டாராம், அவ்வாறே எடுத்தாராம்! ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுவது பைத்தியக்காரத்தனம் என்று பழமொழி சொல்லும் அதே நாட்டில், அதையே அருட்செயல் என்று புராணம் சொல்கிறது. நாம் நம்ப ஆயத்தமாயில்லை. ஆனால், நம்பாத நாமும் அக்கதையில் ஒன்றைப் பாராட்டலாம். போடுமுன் ஒரு துண்டை வெட்டி மச்சமாக வைத்துக்கொண்டாராம் சுந்தரர், எடுத்ததும் உரைத்துப் பார்த்தாராம், மாற்றுக் குறைந்திருந்ததாம், இறைவனிடமே முறையிட்டாராம். பக்தர்தான், ஆயினும் பொன் விஷயத்தில் ஆண்டவனையும் உரைகல்லில் வைத்தார். ஆண்டவனையே உரைத்துப் பார்த்த ஊரார், ஆள்பவரை உரைத்துப் பார்க்கத் தயங்குவானேன்?

தோழர்களே, ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடிய கதை ஒன்று வரலாற்றிலும் நடந்தது. அதில் பொன்னைப் போட்டவர்கள் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும். குளம் இலண்டனில் இருந்தது.

1939-இல் போர் மூண்டது. பிரிட்டன் தன் படைகளுக்கு வேண்டிய துணி, தோல், தானியம், தளவாடம் அனைத்தையும் இங்கே வாங்கிற்று. விலை கொடுத்ததா? கொடுத்தது, இலண்டனில் ரிசர்வ் வங்கியின் பெயரில் ஸ்டெர்லிங் வரவு எழுதிக் கொடுத்தது. அந்த வரவை ஈடாகக் காட்டி இங்கே நோட்டு அச்சடித்தார்கள். போர் முடிவதற்குள் புழக்கத்திலிருந்த நோட்டு ஆறு மடங்குக்கு மேலாயிற்று. பொருள் கப்பலேறிப் போயிற்று, காகிதம் ஊருக்குள் வந்தது. விலை என்ன செய்யும்? 1943-இல் வங்காளத்தில் மனிதர் தெருவிலே செத்து விழுந்தனர். அரசு அமைத்த விசாரணைக் குழு 15 இலட்சம் என்றது. பின்வந்த ஆய்வாளர் பலர் 30 இலட்சம் வரை என்பர். 1981-இல் அமர்த்தியா சென் வெளியிட்ட ஆய்வு, அவ்வாண்டு வங்காளத்தில் தானியம் அறவே இல்லாமற் போகவில்லை, போர்ச்செலவால் விலை பறந்தபோது கூலியாளின் கைப்பணம் அதை எட்டவில்லை என்று காட்டிற்று. அரிசி இருந்தது, அரிசியை வாங்கும் ஆற்றல் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தது. பணவீக்கம் என்று ஏட்டிலே எழுதுகிறோம். வங்காளத்தில் வீங்கியது பசித்த குழந்தைகளின் வயிறு.

அதே ஆண்டுகளில் பிரிட்டனில் என்ன நடந்தது? அங்கும் போர், அங்கும் பற்றாக்குறை. ஆனால் அங்கே பங்கீட்டு அட்டை வந்தது. பிரபுவுக்கும் துறைமுகத் தொழிலாளிக்கும் இறைச்சியும் வெண்ணெயும் சர்க்கரையும் அளந்து தரப்பட்டன. போர்க்காலத்தில்கூடக் கட்டுப்படுத்தப்படாத ரொட்டி, 1946 முதல் 1948 வரை அட்டைக்கு வந்தது. இறைச்சிக் கட்டுப்பாடு 1954 வரை நீடித்தது. போருக்கு எப்படிச் செலவழிப்பது என்று 1940-இல் நூல் எழுதிய கெயின்ஸ், தன் நாட்டுத் தொழிலாளியின் ஊதியத்தை விலையேற்றம் அரித்துவிடாமல் இருக்க, ஒரு பகுதியைக் கட்டாயச் சேமிப்பாக்கிப் பின்னர்த் திருப்பித் தரலாம் என்று வழி சொன்னார். தன் மக்களிடம் கேட்டுப் பெறுவது, கேட்டதைக் கணக்கில் வைப்பது, பின்னர்த் திருப்பித் தருவது. ஆளப்பட்ட மக்களிடமோ கேளாமலே பெறுவது. ஒரே பேரரசு, இரண்டு பொருளாதாரம், இரண்டு அறம். சென்னையிலும் பங்கீடு வந்தது உண்மைதான். ஆனால் வங்காளத்தின் சிற்றூர்க் கூலிக்காரனுக்கு வரவேண்டிய நேரத்தில் எதுவும் வரவில்லை.

போர் முடிந்தபோது இலண்டன் குளத்தில் கிடந்த நம் பொன், உச்சநிலையில் ஏறத்தாழ 1,700 கோடி ரூபாய். எடுக்கச் சென்றோம். 1944-இல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டிலேயே இந்தியக் குழு இதை எழுப்பிற்று. கோவை சண்முகம் செட்டியார் அக்குழுவில் இருந்தார். இரு நாடுகளுக்கு இடையே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது என்று தள்ளிவிட்டார்கள். விடுதலைக்குப்பின் அவரே முதல் நிதியமைச்சராகி 1948-இல் இலண்டன் சென்று பேசினார். இங்கு பணியாற்றிச் சென்ற வெள்ளை அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்கென ஒரு பங்கு, விட்டுச்சென்ற படைத்தளவாடங்களின் விலையென ஒரு பங்கு கழிந்தது. எஞ்சியது தவணை தவணையாக விடுவிக்கப்படும் என்று ஏற்பாடாயிற்று. 1949 செப்டம்பரில் பிரிட்டனின் நிதியமைச்சர் ஸ்டாஃபர்ட் கிரிப்ஸ், பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைத்தார். ரூபாயும் கூடவே இறங்கிற்று. பிரிட்டனிலேயே பொருள் வாங்குவோர்க்கு உடனடி இழப்பில்லை. அமெரிக்காவில் இயந்திரமோ கோதுமையோ வாங்க நினைத்தால், நம் சேமிப்பில் நூற்றுக்கு முப்பது காற்றில் கரைந்திருந்தது. மாற்றுக் குறைந்துவிட்டது. பதிகம் பாடிச் சரிசெய்ய இங்கே எவரும் இல்லை.

கிரிப்ஸைக் கொடியவர் என்று சொல்ல மாட்டோம். அவருடைய இக்கட்டையும் பார்க்க வேண்டும்; பாராமல் பேசுவது பகுத்தறிவாகாது. 1930-களில் வேலையின்றி வாடிய தொழிலாளர் 1936-இல் ஜாரோ நகரிலிருந்து இலண்டன் வரை நடந்தே சென்றனர். அந்த நினைவு ஆறாத மக்களுக்கு, போர்முடிவில் ஓர் உறுதி தரப்பட்டது: இனி வேலையில்லாத் திண்டாட்டம் திரும்பாது. 1942-இல் பெவரிட்ஜ் அறிக்கை. 1944-இல் வேலைவாய்ப்பு பற்றிய அரசின் வெள்ளையறிக்கை. 1948-இல் இலவச மருத்துவம். உயர்ந்த உறுதிமொழி. ஆனால் எல்லோர்க்கும் வேலை இருக்குமிடத்தில் தொழிலாளி துணிந்து கூலி கேட்பான், கூலி ஏறினால் முதலாளி விலையை ஏற்றுவான், ஏற்றுமதி குறையும், பவுண்டு தள்ளாடும். 1948-இல் கிரிப்ஸ், கூலியுயர்வு கேளாதீர் என்று தொழிற்சங்கங்களை வேண்டினார். சங்கங்கள் இணங்கின, ஏறத்தாழ இரண்டாண்டு பொறுத்தன. இலாபப் பங்கையும் ஏற்ற வேண்டாம் என்று முதலாளிகளையும் கேட்டுக்கொண்டார். பவுண்டு இறங்கி, 1950-இல் கொரியப் போரும் வந்து மூலப்பொருள் விலைகள் பாய்ந்ததும் பொறுமை முறிந்தது. ஆயினும் ஒன்றைக் குறித்துக்கொள்வோம்: அங்கே கேட்டார்கள்.

அதன்பின் முப்பதாண்டு, பிரிட்டன் ஓடுவதும் நிற்பதுமாகவே இருந்தது. தேர்தல் வந்தால் ஓடு, பவுண்டு ஆடினால் நில். 1957-இல் வங்கி வட்டி 7 விழுக்காடாயிற்று. 1958 சனவரியில் தார்னிகிராஃப்ட் என்ற நிதியமைச்சர், செலவில் ஏறத்தாழ 5 கோடி பவுண்டைக் குறைக்க அமைச்சரவை மறுத்ததால், துணையமைச்சர் இருவரோடு பதவி துறந்தார். அதே 1958-இல் நியூசிலாந்தில் பிறந்த பிலிப்ஸ் என்ற பேராசிரியர், ஏறத்தாழ நூறாண்டுப் பிரிட்டிஷ் புள்ளிவிவரங்களைக் கொண்டு ஒரு வளைகோடு வரைந்தார். வேலையின்மை குறைந்தால் கூலி விரைந்தேறும். வேலையின்மை கூடினால் ஏற்றம் தணியும் என்றது அக்கோடு. அரசியலாருக்குத் தேவாமிர்தம்! இத்தனை விலையேற்றம் வேண்டாமென்றால் இத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பு என்று பட்டியல் போட்டு வாங்கலாமே.

சூளைக்காரர் இதைக் கேட்டால் தலையசைப்பார். ஈரம் உலருமுன் வெப்பத்தை விரைந்து ஏற்றினால் பாண்டம் வெடிக்கும். வெப்பம் போதாவிடில் வேகாது. நடுவே ஒரு பதம் உண்டு, அதைக் காப்பதே கைத்திறன். நிதியமைச்சர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். உவமை அழகாயிருக்கிறது, ஆனால் அங்கே ஏமாறக் கூடாது. சூளையில் வைக்கும் களிமண்ணுக்குப் பசிக்காது. வெடித்த பாண்டத்தைத் தூளாக்கி எறிந்துவிடலாம். பிலிப்ஸ் வரைந்த கோட்டின் மீதுள்ள ஒவ்வொரு புள்ளியும் வேலையிழந்து வீட்டுக்கு நடந்த இலட்சக்கணக்கான மனிதர். பத்துப் பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய சுமையை, ஒருவர் தலையில் முழுதும் ஏற்றிவிட்டு, மற்ற ஒன்பது பேரிடம் விலை நின்றுவிட்டது பாரீர் என்று சொல்வது எத்தகைய அறம்?

அந்தக் கோடும் நிலைக்கவில்லை. 1970-களில் எண்ணெய் விலை நான்கு மடங்கானபோது, விலையேற்றமும் வேலையின்மையும் கைகோத்து வந்தன. 1975-இல் பிரிட்டனில் விலைகள் நூற்றுக்கு 24 ஏறின. 1976-இல், ஒரு காலத்தில் உலகுக்கே கடன் கொடுத்த நாடு, பன்னாட்டு நிதியத்தின் வாயிலில் 390 கோடி டாலர் கடனுக்கு நின்றது. 1979-இல் ஆட்சிக்கு வந்த தாட்சர் அம்மையார் விலையை அடக்கினார். 1980-இல் 18 விழுக்காடாயிருந்த ஏற்றம் 1983-இல் 5-க்கும் கீழே வந்தது. 1982-இல் வேலையற்றோர் 30 இலட்சத்தைக் கடந்தனர். மண்பாண்டத் தொழிலுக்குப் புகழ்பெற்ற அந்நாட்டின் ஸ்டோக் நகரத்துச் சூளைகளில் எத்தனையோ அந்தப் பத்தாண்டுகளிலும் பின்னும் அவிந்தன. விலை நின்றது, கொடுத்தவர் கொடுத்தார்.

இனி நம் கதை. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 1956-இல் தொடங்கிற்று. அரசுத்துறைச் செலவு 4,800 கோடி. அதில் 1,200 கோடியைப் பற்றாக்குறை நிதியாக, அதாவது நோட்டடித்து, திரட்டுவது என்று எழுதினார்கள். நான்கில் ஒரு பங்கு! 1955-இல் கூடிய பொருளாதார அறிஞர் குழுவில் பி. ஆர். ஷெனாய் ஒருவரே இது விலையேற்றத்தில் முடியும் என்று மறுப்புக்குறிப்பு எழுதினார். அவருடைய மற்றக் கொள்கைகள் நமக்கு உடன்பாடல்ல. தனியுடைமைக்கு அவர் தந்த இடம் மிகுதி. ஆனால் கணக்கில் அவர் கண்டது பொய்யன்று. கேம்பிரிட்ஜிலிருந்து வந்த கால்டார் வேறு வழி காட்டினார்: செல்வர் சொத்துக்கு வரி, செல்வர் செய்யும் செலவுக்கே வரி. நிதியமைச்சராயிருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1957-இல் இரண்டையும் கொண்டுவந்தார். செலவுவரி என்னவாயிற்று? 1962-இல் நீக்கினார்கள், 1964-இல் மீண்டும் போட்டார்கள், 1966-இல் மறுபடி நீக்கினார்கள். கட்டுவோர் சிலர், கிடைப்பது சிறிது, தொல்லை பெரிது என்றார்கள். நோட்டடிக்கும் பொறிக்கு மட்டும் ஓய்வில்லை. வசதியுள்ளவன் வரி கட்டினால் தொல்லை. வசதியற்றவன் விலையாகக் கட்டினால் திட்டம்! இலண்டன் குளத்துப் பொன்னும் இந்த ஆண்டுகளிலேயே தீர்ந்தது. 1958-இல் கடன்தரும் நாடுகளின் கூட்டம் கூடிற்று.

1965-இல் மழை பொய்த்தது. தானிய விளைச்சல் 8 கோடியே 90 இலட்சம் டன்னிலிருந்து 7 கோடியே 20 இலட்சமாயிற்று. 1966 சூன் 6-இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், 4.76 ரூபாயாயிருந்த டாலர் 7.50 ரூபாயாயிற்று. தமிழகத்தின் தெருக்களில் அரிசி கிட்டாத நாட்களை நினைவில் வைத்திருப்போர் இன்னும் நம்மிடையே உண்டு. 1967-இல் ஆட்சி மாறியதற்கு மொழிப்போர் ஒரு காரணம். அடுப்பும் ஒரு காரணம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற குறிக்கோளை முன்வைத்து வென்ற அண்ணா, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி தந்தார். அதற்குமேல் மாநிலத்தின் நிதி இடந்தரவில்லை. சென்னையும் கோவையும் பெற்றதை முதுகுன்றம் பெறவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஏன் என்று கேட்பதே நேர்மை. நோட்டடிப்பதும், வட்டியை அமைப்பதும், நாணய மதிப்பைக் குறைப்பதும் தில்லி. அவற்றால் வெந்த வயிற்றுக்கு விடைசொல்ல வேண்டியது மாநிலம். ஏற்றுகிறவர் ஓரிடம், இறக்கச் சொல்லிக் கேட்கப்படுகிறவர் வேறிடம்!

அந்தச் சிறு தொடக்கம் வீணாகவில்லை. 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் பிறந்தது. நியாயவிலைக் கடை ஊர்தோறும் வந்தது. 2011 முதல் அரிசி விலையின்றித் தரப்பட்டது. சிலர் இதை இலவசம் என்று இகழ்கின்றனர். வங்காளத்தில் 1943-இல் கூலிக்காரனுக்கும் அரிசிக்கும் இடையே நின்றது விலை. அந்த விலையை இடையிலிருந்து அகற்றுவதற்குப் பெயர் இலவசமா? கேளாமல் வாங்கப்பட்ட வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது என்றே நாம் கொள்கிறோம். ஒரு பகுதியை மட்டுமே. அரிசி அல்லாதவற்றை அவள் சந்தை விலையில்தான் வாங்குகிறாள்.

1974-ஐயும் மறக்கக் கூடாது. எண்ணெய் விலையும் வறட்சியும் சேர்ந்து விலைகள் நூற்றுக்கு இருபதுக்குமேல் ஏறிய காலம். மே மாதத்தில் இரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் நசுக்கப்பட்டது. சூலையில் ஓர் அவசரச் சட்டம்: ஊதிய உயர்வு முழுவதையும், கூடுதல் பஞ்சப்படியில் பாதியையும் கட்டாய வைப்பில் போடு என்றது. விலை தணிந்தது. கிரிப்ஸ் கேட்டதை இங்கே ஆணையிட்டார்கள். அதுவும் மாதச் சம்பளக்காரரிடம். பஞ்சப்படியே இல்லாதவர்களுக்கு வைப்பில் போட எதுவுமில்லை.

ஒரு மறுப்பு எழும், வலுவான மறுப்பு. விலையேற்றம் ஏழைக்குக் கேடென்கிறீரே, கடன்பட்டவன் ஏழையல்லவா? பணத்தின் மதிப்புக் குறைந்தால் அவன் கடனும் கரைகிறதல்லவா? உண்மை. விலை விழுவதும் கொல்லும். 1930-களின் மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது, தமிழக உழவன் அதே கடனுக்கு முன்னிலும் மிகுதியான மூட்டை அளக்க வேண்டியதாயிற்று. 1938-இல் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமே போட நேர்ந்தது. எனவே விலை அசையவே கூடாது என்பது நம் கட்சியன்று. மிதமான ஏற்றத்தோடு வேலையும் பெருகினால், வேலையற்ற நிலைப்பைவிட அது மேல் என்றே நாம் தீர்ப்பளிப்போம். ஆனால் கந்துவட்டிக்கு வாங்கியவனுக்கு இந்த ஆறுதலும் இல்லை. ஆண்டுக்கு நூற்றுக்கு அறுபது எழுபது என்று வட்டி வாங்குகிறவன், விலையேற்றத்தையும் முன்னமே அதற்குள் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறான்.

2016-இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, விலையேற்றம் 4 விழுக்காடு, 2-க்குக் கீழும் 6-க்கு மேலும் போகலாகாது என்று இலக்கு வைக்கப்பட்டது. இலக்கு வைத்து நாட்டுக்கு அறிவித்தது நல்லதே. மறைவில் நடந்தது வெளியே வந்தது. ஆனால் அன்று பயன்பட்ட கணக்கில், குடும்பச் செலவின் ஏறத்தாழ 46 விழுக்காடு உணவு. மழை பெய்யாமல் தக்காளி விலை ஏறினால், வங்கி வட்டியை உயர்த்தித் தக்காளியைப் பழுக்கவைக்க முடியுமா? முடியாது. உயர்ந்த வட்டி எங்கே போய்ச் சேர்கிறது? மண் வாங்கி, அரைத்து, வார்த்து, உலர்த்தி, சுட்டு, விற்று, பணம் கைக்கு வரும்வரை கடனில் ஓடுகிறதே விருத்தாசலத்துச் சிறு சூளை, அதன் தலையில் சேர்கிறது. எரிபொருள் விலை ஒரு பக்கம், வட்டி ஒரு பக்கம். சிறுமுதலாளி எதைக் குறைப்பார்? எண்ணெய் நிறுவனத்திடம் பேரம் பேச முடியாது, வங்கியிடம் பேச முடியாது. அச்சில் களிக்கூழ் ஊற்றும் பெண்ணிடம் பேசலாம். சூளைக்கு இத்தனை நாளென்று வேலையைக் குறைக்கலாம். தக்காளிக்குப் போட்ட தண்டம் பீங்கானில் விழுகிறது.

1948-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதே, வாழ்க்கைச் செலவின் குறியீட்டெண்ணோடு சேர்ந்து ஏறும் படி என்ற கருத்து அதிலே இருந்தது. விலையை ஏற்றுகிற முடிவு எங்கோ எடுக்கப்பட்டாலும், அதன் சுமை கூலியை எட்டுமுன் கூலியும் நகரட்டும் என்பதுதான் அதன் உட்பொருள். அரசு ஊழியருக்கு அது தவறாமல் வருகிறது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு வருகிறதா?

இதை விருத்தாசலத்துப் படிப்பகத் தோழர்கள் எழுதிப் பார்க்கலாம். நூறு பியூஸ் கட்டை வார்த்தால், நூறு அகல் விளக்கு வார்த்தால், ஆண்டுதோறும் என்ன கூலி கிடைத்தது என்று வேலைசெய்யும் பெண்களிடமே கேட்டு ஒரு பத்தியில் எழுதுங்கள். துவரம்பருப்பு, எண்ணெய், வீட்டு வாடகை, பேருந்துக் கட்டணம், பிள்ளையின் பள்ளிச் செலவு ஆகியவற்றை அடுத்த பத்தியில் எழுதுங்கள். மூன்றாவது பத்தியில் அரசு வெளியிடும் குறியீட்டெண். அந்தத் தாளை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சட்டமன்ற உறுப்பினரையும் அழைத்து உட்காரவையுங்கள்.